மிஸியம்மா வீட்டுத் திவசம்

பிள்ளையார் கோவில் தேரடியில் அவர் கேட்ட கேள்விதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. தேர் இழுத்து முடிந்து, சனம் வியர்வையும் புழுதியுமாய்க் கலைந்துகொண்டிருந்த நேரம். மிஸியம்மா என்று நாங்கள் கூப்பிட்ட அந்த நெடிய வெள்ளைக்கார அம்மா சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நேரே குருக்களிடம் போனார். "ஐயரே, வடம் அறுந்தால் பிள்ளையார் என்ன செய்வார்?" என்று கேட்டார். பாதிரிமார் கேட்கிற குத்தல் கேள்வி என்று நினைத்து இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். குருக்கள் மட்டும் ஆறுதலாக, "அவர் இருப்பார் அம்மா. நாங்கள் வேறை வடம் வாங்குவம்," என்றார். மிஸியம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல பிரதியுத்தரம் சொன்னீர்," என்று கும்பிட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார். குத்தலும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த மனுசிக்கு அது உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

நான் அப்போது யாழ்ப்பாணத்தில் அவர் நடத்திய பெண்பிள்ளைகள் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் ரீச்சர். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. என் புருஷன் மலாயாவில் ரயில்வேயில் கிளாக்கராக இருந்தார். நான் பள்ளிக்கூட வளவுக்குள்ளேயே ஒரு அறையில் இருந்தேன். மிஸியம்மாவின் வீடு பக்கத்தில், நடுவில் ஒரு வேப்பமரம். ஆகையால் அந்த அம்மாவின் இருமல் தும்மல்கூட எனக்குத் தெரியும் என்று நான் பெருமை பேசித் திரிந்த காலம் அது.

அவருடைய தமிழ் வேதப் புத்தகத்திலிருந்து படித்த தமிழ். 'சாப்பிடு' என்ற சொல் அவர் வாயில் வராது, 'புசி'தான். மயிலிட்டியிலிருந்து கடகம் சுமந்து வருகிற மீன்காரியை நிறுத்தி, "ஸ்திரீயே, இந்த மச்சம் எப்பொழுது பிடிக்கப்பட்டது?" என்பார். அவள் சளைத்தவளா? "விடியப்புறம் அம்மா. இன்னும் முழிச்சுக்கொண்டுதான் கிடக்கு, வேணுமெண்டால் உதிட்டையே கேளுங்கோ," என்பாள். மீன் வாங்குவது பிறகு. கடலில் எத்தனை பேர் போனார்கள், வலை யார் பின்னினார்கள், காற்றுத் திரும்பினால் என்ன செய்வார்கள் என்று கேட்டு முடிய வெயில் ஏறிவிடும். குசினியில் சமையல்காரச் சூசையண்ணை அடுப்பை மூட்டிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு இருப்பார்.

நான் வேலைக்கு வந்த முதல் நாளே என்னையும் இருத்திவைத்துக் கேட்டார். "உமக்கு எத்தனை சகோதரர்? உம்முடைய தாய் உயிரோடிருக்கிறாளா? உம்முடைய புருஷன் உம்மை ஏன் தன்னோடு கூட்டிக்கொண்டு போகவில்லை?" மூன்றாவது கேள்வியை என் மாமியார்கூட என் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். ஆனால் அந்தச் சாம்பல் கண்கள் என்னைப் பார்த்த மாதிரியில் வாய் தானாகத் திறந்துவிட்டது. கண்ணீரும் மூக்குமாய் எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டி முடிய நெஞ்சு லேசாய்ப் போயிற்று. அதற்குப் பிறகு மலாயாக் கடிதம் வந்த நாளெல்லாம், "சமாதானமா?" என்று ஒரு சொல் கேட்காமல் அவர் என்னைக் கடந்து போனது கிடையாது.

கேட்டதை மறக்கவும் மாட்டார். ஒழுங்கையில் எதிரே நடந்து வருகிறவனிடம், "உன் சிவத்தப் பசு கன்று ஈன்றதா?" என்பார். இரண்டு மாதத்துக்கு முன் அவன் ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பான். அவனே மறந்திருப்பான்.

அந்தப் பக்கம் இப்படி. இந்தப் பக்கம் அவரைப்பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? அமெரிக்காவிலே குளிர் கூடிய ஓர் ஊர். இங்கே வந்து பதினைந்து வருஷம். இடையில் ஒருமுறையும் ஊருக்குப் போகவில்லை. அவ்வளவுதான். ரீச்சர்மார் நாலு பேர் மத்தியானச் சோற்றுப் பெட்டியைத் திறந்தால் இதுதான் கதை. கட்டிக்கொள்ள இருந்தவர் யுத்தத்தில் செத்துப்போனாராம் என்றாள் ஒருத்தி. இல்லை, பெரிய பணக்காரத் தகப்பனோடு கோபித்துக்கொண்டு வந்தவவாம் என்றாள் இன்னொருத்தி. நான் எல்லோரையும் விஞ்சினேன். என் அண்ணையின் மகனுக்கு வேணும் என்று பொய் சொல்லி, அவருக்கு வந்த கடித உறைகளைத் தபால் முத்திரையோடு கேட்டு வாங்கினேன். முத்திரையா எனக்குத் தேவை? உறையின் மூலையில் அனுப்பினவர் பெயர் என்ன என்று பார்க்கத்தான். வருஷம் போகப் போக உறைகள் குறைந்துகொண்டு வந்தன. அதையும் நான் கவனித்து வைத்திருந்தேன்.

நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஒரு துரைசாணியிடம் போய், உமக்கு ஆர் இருக்கினம் என்று கேட்கிறதா? அந்த நாளில் அது நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

இனி அந்த விருந்துக்கு வருகிறேன்.

நவம்பர் மாதத்துக் கடைசி வியாழக்கிழமை, அவருடைய நாட்டில் அறுவடைத் திருநாள். முந்தைய பிதாக்கள் கப்பலேறிப் போய் அந்த நாட்டில் இறங்கினார்களாம். முதல் குளிரிலேயே பாதிப் பேர் பட்டினியிலும் நோயிலும் செத்துப்போனார்களாம். ஒரு கட்டத்தில் ஆளுக்கு நாளுக்கு ஐந்து சோளமணிதான் பங்கு என்றும் சொல்லுவார்களாம். மிஞ்சினவர்கள் அடுத்த வருஷம் விதைத்து அறுத்து, கடவுளுக்கு நன்றி சொல்லி, அந்த நாட்டுப் பூர்வ சனங்களோடு ஒன்றாக இருந்து சாப்பிட்டார்களாம். அதன் நினைவாக இன்றைக்கும் விருந்து. சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவர் தட்டிலும் ஐந்து சோளமணி வைப்பார் மிஸியம்மா. பிறகு வயிற்றுக்குள் பாண் ரொட்டி அடைத்துப் போறணை அடுப்பில் வாட்டிய சேவல். பூசணிக்காயைச் சீனியும் கறுவாப்பட்டையும் போட்டுப் பிசைந்து செய்கிற ஒரு பலகாரம். பூசணிக்காய்க்குச் சீனி போடுகிற அநியாயத்தை அங்கேதான் முதன்முதல் கண்டேன். அநியாயம் என்றாலும் இரண்டு துண்டு தின்றேன்.

வேதக்காரர், கிறிஸ்தவ ஆட்கள் நாங்கள் போவோம், சாப்பிடுவோம். அது அவருக்குப் போதாது. "அயலார் இல்லாத பந்தி எங்கள் பிதாக்களின் பந்தியல்ல," என்பார். வேலிக்கு அந்தப் பக்கத்துச் வயல் செய்கிற சைவக் கமக்காரச் சனம் வந்து, தம்மோடு கூட இருந்து, ஒரே ஒருமுறை ஒரு வாய் சாப்பிடவேண்டும். வருஷம் முழுக்க அந்த மனுசி ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். ஒவ்வொரு வீடாகச் சைக்கிளில் போய் அழைப்பார். வருவார்கள். யாழ்ப்பாணத்தார் மரியாதை தெரியாதவர்களா? வெற்றிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்து, விறாந்தையில் நின்று சுகம் விசாரித்து, போட்டு வாறம் என்று போய்விடுவார்கள். ஒருவருக்கு விரதம். ஒருவருக்கு வீட்டில் தீட்டு, துடக்கு. ஒருவர் இப்போதுதான் சாப்பிட்டவராம். வாயில் தண்ணீர்கூடப் படாது. போட்டிருந்த கதிரைகளை நானும் சூசையண்ணையும் பேசாமல் தூக்கி உள்ளே வைப்போம்.

"ஏன் இவர்கள் புசிக்கிறதில்லை? எனக்கு உண்மையைச் சொல்லும்," என்று ஒருமுறை என்னைப் பிடித்துக்கொண்டார். உங்கடை குசினியிலை மாட்டிறைச்சி அவியுது அம்மா என்றேன். அன்றோடு மாட்டிறைச்சி நின்றது. அடுத்த வருஷமும் ஒருவரும் பந்தியில் இருக்கவில்லை. சட்டி பழசு அம்மா என்றேன். புதுச்சட்டி வந்தது. அப்போதும் இல்லை. இனி என்ன சொல்ல? ஆர் கை சமைத்தது என்று பார்த்துத்தான் அந்த நாளில் வாய் திறக்கும். சூசையண்ணை குருநகர்க் கடற்கரை ஆள். அவர் சமைத்ததைக் கமக்காரர் சாதி பார்த்துத் தொடமாட்டார்கள். அதைச் சூசையண்ணையின் முகத்துக்கு முன்னால் நான் எப்படிச் சொல்லுவேன்? தெரியாது அம்மா என்று சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவும் போதாதென்று வெள்ளம் வேறு வந்தது. ஒரு வருஷம் அவர் விருந்து வைத்து நாலாம் நாள் மழை கொட்டி, வயல்கள் முழங்கால் தண்ணீரில் நின்று, பயிர் அழுகிப்போயிற்று. அடுத்த கார்த்திகை நெருங்க, பக்கத்து வளவுச் செல்லம்மாக்கா வேலியில் இருந்த பொட்டு ஓட்டையால் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயது, நாலு வாய்க்கால் தள்ளி நிற்கிறவனுக்கும் கேட்கிற குரல். புகையிலைத் தோட்டத்தில் புருஷனுக்குச் சரிநேராய் நின்று துலா மிதித்து நீர் இறைத்த மனுசி.

"எடி பிள்ளை, உன்ரை மிஸியம்மா இந்த முறையும் விருந்து வைக்கிறாவோ?"

"ஓம் அக்கா. வைப்பா."

"விசரே அவவுக்கு? நாங்கள் இன்னும் களை பிடுங்கி முடியேல்லை. கதிர் எட்டிப் பாக்கேல்லை. அதுக்குள்ளை அறுவடைக் கொண்டாட்டமாம். விளைய முன்னம் விளைஞ்சது எண்டு கொண்டாடினால் பயிருக்குக் கூடுமோ? போன வருசம் நடந்ததைக் கண்டனியெல்லே?"

"மழை அவவைக் கேட்டோ பெய்யுது?"

"அது எனக்கு விளங்குது. ஆம்பிளையளுக்கு விளங்குதில்லையே. இந்த முறை வைச்சால் வாசல் கேற்றிலை நிண்டு நாலு பேச்சுப் பேசத்தான் போறம் எண்டு நிக்கினம். நான் சொல்லிப்போட்டன். பிறகு என்னைக் குறை சொல்லாதை."

கேற்றில் நின்று பேசுவார்களா? அந்த மனுசி அதையும் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்பாரே! எப்படியாவது பயிரை இந்தக் கதையிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன். "சீச்சீ, உது பயிருக்குச் செய்யிற விருந்தே இல்லை அக்கா," என்று தொடங்கிவிட்டேன். கப்பலைச் சொன்னேன். குளிரைச் சொன்னேன். பாதிச் சனம் பட்டினியாய்ச் செத்ததையும் ஐந்து சோளமணியையும் சொன்னேன். "செத்ததுகளை நினைச்சுத்தான் வருசா வருசம் சோறு போடுறவை," என்று முடித்தேன். பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. அறுத்தது, மகிழ்ந்தது என்கிற பாதியை மட்டும் விழுங்கிவிட்டேன்.

செல்லம்மாக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்ட வந்தார்.

"அப்ப திவசமெண்டு சொல்லன்."

"ஓம்... அப்பிடித்தான்," என்றேன். வாய் என்னைக் கேளாமல் சொல்லிவிட்டது.

"அட பாவியள்! திவசத்துக்கு வா எண்டு அந்த மனுசி வீடு வீடாய் வந்து கூப்பிட, நாங்கள் வெத்திலையையும் வாழைப்பழத்தையும் கொண்டு போய் நீட்டிப்போட்டு வந்தமே!" செல்லம்மாக்காவின் கண் கலங்கிவிட்டது. "இனசனம் எண்டு ஒருத்தரும் பக்கத்திலை இல்லை. முன்னோருக்கு ஒரு பிடி சோறு படைக்கக் கூடமாட ஒரு பொம்பிளை இல்லை. ஒத்தையிலை நிண்டு செய்திருக்கிறா. சொல்லியிருக்கக் கூடாதோடி நீ?"

என்ன செய்ய? திரும்பி விழுங்கலாம் என்றால் சொல் வெளியே போய்விட்டது. செல்லம்மாக்காவின் காதில் விழுந்தது ஒழுங்கை முழுக்க விழுந்த மாதிரி. பொழுது சாயமுன்னம், மிஸியம்மா வீட்டில் வியாழக்கிழமை திவசம் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. மிஸியம்மா ஒருவருக்குத்தான் தெரியாது. அவரிடம் சொல்ல இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அவர் என்னைத்தான் ஏதோ கேட்டார். பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

வியாழக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கே கேற்றடியில் சத்தம். எட்டிப் பார்த்தால் செல்லம்மாக்கா முன்னால், பின்னால் ஏழெட்டுப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் ஆண்கள். தோய்ந்த தலையும் துவைத்த சேலையுமாய் வந்திருக்கிறார்கள். புதுமண் பானைகள், விறகுக் கட்டு, வாழையிலை, அரிசிப் பெட்டி. வாழைக்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய். ஒரு பெரிய பூசணிக்காயை ஒருவர் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். வெற்றிலைத் தட்டம் மட்டும் ஒருவர் கையிலும் இல்லை. நேரே வண்டில் கொட்டிலுக்குள் போய்க் கல்லு வைத்து அடுப்பு மூட்டினார்கள். கிணற்றில் தாங்களே தண்ணீர் அள்ளினார்கள். சமைப்பதும் தாங்கள்தான் என்றபடியால் சாப்பிடுவதில் ஒருவருக்கும் தடையில்லை. இந்த எளிய வழி எனக்கு இத்தனை வருஷமும் தோன்றவில்லையே!

மிஸியம்மா விறாந்தையில் வந்து நின்றார். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டார். "இவர்கள் தாங்களே ஆகாரம் கொண்டுவந்திருக்கிறார்கள்," என்றார் என்னிடம். "எங்கள் பிதாக்களின் முதல் விருந்திலும் இப்படியே நடந்தது. அந்த நாட்டு ஜனங்கள் மான்களைக் கொண்டுவந்தார்கள். நீர் அறிவீரா?"

"ஓம் அம்மா," என்றேன்.

அடுத்த இடி போறணைக்குள் இருந்தது. சேவல்! திவச வீட்டில் சேவல் வாடுகிற வாசம் செல்லம்மாக்காவின் மூக்குக்குப் போனால் கதை கந்தல். ஓடிப்போய்ச் சூசையண்ணையின் காதில் சொன்னேன். அவர் சேவலைத் தட்டோடு சாக்கில் சுற்றிப் பின்பக்க வழியால் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்றைக்கு அவர் பிள்ளைகளுக்குத்தான் நல்ல அறுவடை. "கோழி எங்கே?" என்று மிஸியம்மா கேட்டார். வந்தவை சைவம் அம்மா என்றேன். ஒரு கணம் யோசித்தார். "அப்படியானால் இன்றைக்கு நானும் சைவம்," என்று சொல்லிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்க் காய் வெட்டுகிறவர்கள் நடுவில் குந்தினார். பூசணிக்காய்க்குள் ஏன் தேங்காய்ப்பால் விடுகிறீர்கள், முருங்கைக்காயை ஏன் இந்த நீளத்துக்கு வெட்டுகிறீர்கள் என்று தொடங்கிவிட்டார். நான் ஒவ்வொரு கேள்விக்கும் செத்துச் செத்துப் பிழைத்தேன். ஒரு பெண், ஐயர் இல்லாமலோ செய்யிறது என்று செல்லம்மாக்காவைக் கேட்டாள். "அவைக்கு ஐயரும் அவதான், எல்லாம் அவதான். பேசாமல் தேங்காயைத் துருவு," என்றார் செல்லம்மாக்கா.

மத்தியானம் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்து இலை போட்டார்கள். மிஸியம்மா தம் பையிலிருந்து சோளத்தை எடுத்து, குனிந்து குனிந்து ஒவ்வொரு இலையிலும் ஐந்து மணி வைத்துக்கொண்டு போனார். சனம் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தது. "எங்களுக்கு எள்ளு. அவைக்குச் சோளன்," என்று செல்லம்மாக்கா பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கினார்.

சுவர் ஓரத்தில் தனியாக ஒரு தலைவாழையிலை போட்டிருந்தது. செல்லம்மாக்கா அதற்கு முன்னால் அகப்பையோடு இருந்துகொண்டு மிஸியம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, இஞ்சை வந்து இருங்கோ. ஆருக்கு இந்தத் திவசம்? பேரைச் சொல்லுங்கோ. பேரைச் சொல்லித்தான் படைக்கவேணும்."

நான் இடையில் பாய்ந்தேன். "அக்கா, அவைக்குப் பேர் சொல்லுற வழக்கமில்லை."

"நீ வாயை மூடு. உன்னையோ கேட்டனான்? அவவைத்தான் கேக்கிறன்."

மிஸியம்மா இலைக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். "திவசம் என்பது என்ன?" என்று கேட்டார். எப்படித்தான் அந்தச் சொல் அவர் இத்தனை வருஷமும் கேளாத சொல்லாய்ப் போயிற்றோ!

"செத்துப்போனவையை நினைச்சு, அவைக்கு விருப்பமானதை ஆக்கிப் படைச்சு, சனத்துக்குச் சோறு போடுறது. உங்களுக்குத் திவசமெண்டுதானே நாங்கள் எல்லாரும் வந்தனாங்கள்," என்றார் செல்லம்மாக்கா.

மிஸியம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நாற்பது பேர் இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். இல்லை, இது சந்தோஷ விருந்து என்று ஒரு சொல் சொன்னால் போதும். அத்தனை பேரும் எழும்பிப் போய்விடுவார்கள். இனி இந்தக் கேற்றைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். உண்மையல்லாத ஒன்றை அந்த மனுசி வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகையால் அவர் அதைத்தான் சொல்லப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாய்த் தெரியும்.

"மார்த்தா," என்றார் மிஸியம்மா. "என் தாய்."

"எப்ப செத்தவ?"

"பதினொரு வருஷம். இதே மாதத்தில்."

"நீங்கள் போனனீங்களோ?"

"இல்லை. கடிதம் என் கையில் வந்தபோது அவளை அடக்கம்பண்ணி ஐந்து வாரம் ஆயிற்று."

செல்லம்மாக்காவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. "ஐயோ என்ரை ராசாத்தி! முகமும் பாக்கேல்லையோ!" என்று மிஸியம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வேறு சாதி, வேறு சமயம், வெள்ளைத் தோல் எல்லாம் அந்த இடத்தில் எங்கே போயிற்று என்று தெரியாது. மிஸியம்மா கையை இழுக்கவில்லை. அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கின. நான் அந்த அம்மா அழுது கண்டது அன்றைக்குத்தான்.

"அவவுக்கு என்ன விருப்பம்?" என்று செல்லம்மாக்கா கேட்டார்.

"பூசணிக்காய்."

பூசணிக்காய்க் கறியை முதலில் வைத்து, "மார்த்தா ஆச்சி, உன்ரை பிள்ளை தனிய இல்லை, நாங்கள் இருக்கிறம், வந்து சாப்பிட்டிட்டுப் போ," என்று சொல்லிச் செல்லம்மாக்கா படைத்தார். பிறகு பந்தி நடந்தது. மிஸியம்மா செல்லம்மாக்காவுக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து, கையால் பிசைந்து சாப்பிட்டார். சாறு முழங்கைவரை வழிந்தது. சனம் இரண்டாம்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. அவர் ஆசைப்பட்டபடியே அயல் முழுக்க அவரோடு இருந்து சாப்பிட்டது. எனக்குத்தான் ஒரு கவளமும் இறங்கவில்லை.

கை கழுவினவுடன் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். மிஸியம்மா கேற்றடியில் குடையோடு போய் நின்றார். ஒருவரும் அவர் முகம் பார்க்கவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. கடைசியாகச் செல்லம்மாக்காவும் பானையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் தாண்டிப் போனார். மிஸியம்மா கலங்கிப்போய் வந்து மண்டப வாசற்படியில் இருந்தார்.

"ஏன் ஒருவரும் என்னிடத்தில் சொல்லிக்கொள்ளவில்லை? நான் அவர்களை விசனப்படுத்தினேனா?"

"இல்லை அம்மா. செத்தவையின்ரை காரியத்துக்கு வந்தால் போட்டு வாறம் எண்டு சொல்லுறேல்லை. சொல்லாமல்தான் போறது. அதுதான் மரியாதை," என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கக்கினேன். வேலிப் பொட்டு, வெள்ளம், ஆம்பிளையள், ஓம் என்று நான் சொன்ன அந்த ஒரு சொல். "என்னிலைதான் பிழை அம்மா. உங்களை இல்லாத ஒரு காரியத்துக்குள்ளை தள்ளிவிட்டிட்டன். என்னை வேலையாலை நிப்பாட்டினாலும் நான் ஒண்டும் சொல்லன்."

அவர் கோபிக்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொரு வருஷமாய் இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது," என்றார்.

"நீங்கள் சொல்லேல்லையே அம்மா."

"ஒருவரும் கேட்கவில்லையே." பிறகு என் பக்கம் திரும்பினார். "செல்லம்மா இன்றைக்குக் கேட்டாள். நீர் ஏழு வருஷம் என் வீட்டோடு இருக்கிறீர். நீர் ஏன் கேட்கவில்லை?"

மரியாதைக்குத்தான் அம்மா என்றேன். பச்சைப் பொய். என்ன மரியாதை? நாலு பேர் கூடி இருந்து அவரைப்பற்றிப் பின்னிய கதைகள் எனக்கு இனித்தன. கேட்டால் பதில் வந்துவிடும், பிறகு பின்ன ஒன்றும் இராது. தபால் உறையின் மூலையை உற்றுப் பார்த்தேனே தவிர, அந்த உறையைப் பிரித்த முகத்தை ஒருநாளாவது பார்த்தேனா? அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லவேண்டும். படியில் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"உங்கடை தாயாருக்கு என்ன வருத்தம் வந்தது அம்மா?"

"சளிக்காய்ச்சல். ஒன்பது நாள். என் இளைய சகோதரி பக்கத்திலிருந்தாள்."

அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். இதற்கு மேல் தோண்டக்கூடாது என்று நினைத்து, எச்சில் இலைகளை அள்ள எழும்பினேன். அவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

"இன்னும் கேளும்," என்றார்.